சக்கர வீட்டு ஷவர்

சக்கர வீட்டின் ஷவர் மூன்றாவது முறையாகக் கெட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில். தானாகக் கெடவில்லை. காந்தா கெடுத்தாள். அதற்கு முந்தைய இரண்டு முறையும் அவள் கைங்கரியம்தான்.

அதற்காக அவளை நாசக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். ஏழு வருஷமாக அந்தக் குளியலறையைப் பழைய பல் பிரஷ் வைத்து மூலை மூலையாகத் தேய்த்தவள் அவள். வந்து தங்குகிற பட்டணத்துக்காரர்கள் விட்டுப்போகிற முடிக்கற்றையையும் ஷாம்பு பாக்கெட்டையும் முகம் சுளிக்காமல் பொறுக்கியவள். அந்த ஷவருக்கு அடியில் ஒரு நாள்கூட நின்று குளித்தவள் இல்லை. அவளுக்கும் புருஷன் சின்னராசுவுக்கும் குடித்தனம் பின்பக்கத் தகரக் கொட்டகையில், குளியல் பிளாஸ்டிக் பக்கெட்டில்.

வீடு நின்றது ஜமுனாமரத்தூரைத் தாண்டி, சின்னதம்பி என்கிற மலைக்காரருடைய சாமைக் கொல்லையின் ஓரத்தில். கீழே லாரிச் சக்கரம் நாலு, மேலே தகரமும் பிளைவுட்டும் சேர்த்து ஒரு படுக்கை அறை, ஒரு சின்ன சமையல் மேடை, ஒரு குளியலறை. மலையில் வெளியாளுக்கு நிலம் வாங்குவது லேசில்லை. வேலூரில் கடை வைத்திருக்கும் ராஜேந்திரன் சார் அதற்கு ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார். நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சக்கரம் வைத்த வீட்டை டிராக்டரில் கட்டி மலை ஏற்றிவிட்டார். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் அது திரும்ப மாட்டேன் என்று அடம்பிடித்ததை ஊரே நின்று வேடிக்கை பார்த்ததாம். அதற்குக் காவலாளி, பிளம்பர், எலக்ட்ரீஷியன் எல்லாம் சேர்த்து ஒரே ஆளாக அடிவாரம் படவேட்டிலிருந்து சின்னராசுவைக் கூட்டி வந்தார். சமையலுக்கும் துடைப்பதற்கும் காந்தா தனியாகக் கேட்காமலேயே கிடைத்தாள்.

போன வருஷம் மகள் சரிதாவின் கல்யாணத்துக்காகப் படவேட்டு வீட்டை விற்றார்கள். விற்கலாமா வேண்டாமா என்று காந்தா பத்து நாள் தூங்காமல் கிடந்தபோது ராஜேந்திரன் சார்தான் சொன்னார்.

“இன்னாத்துக்கும்மா கவலப்படற? நான் இருக்கிற வரைக்கும் இது ஒங்க வூடு. நாளைக்கு ஒம் பொண்ணு புள்ளதாச்சியா வந்தா இங்கியே வச்சிப் பாரு. கெஸ்ட்டு யாரையும் விட மாட்டேன்.”

அந்த வார்த்தையை நம்பித்தான் கையெழுத்துப் போட்டார்கள். இப்போது சரிதாவுக்கு ஏழாம் மாதம். வருகிற புதன்கிழமை கலசப்பாக்கத்தில், அவள் மாமியார் வீட்டில் வளைகாப்பு. வளையல் அடுக்கிய கையோடு பெண்ணைத் தாய்வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான், அதில் பேச்சே இல்லை. பிள்ளை பெற்ற உடம்பு, மார்கழி தை மலைக்குளிர், சுடுதண்ணீர் ஷவராகக் கொட்டினால் எப்படி இருக்கும் என்று காந்தா மனசுக்குள் எத்தனையோ முறை மகளைக் குளிப்பாட்டிப் பார்த்துவிட்டாள்.

இருபது நாளைக்கு முன் ராஜேந்திரன் சார் ஒரு இளைஞனைக் கூட்டி வந்தார். வாணியம்பாடிப் பையன், அர்பாஸ் என்று பேர். குனிந்து சக்கரத்தைத் தட்டிப் பார்த்தான், மேலே ஏறித் தகரத்தைத் தட்டிப் பார்த்தான். காந்தா கொட்டகையில் சாமைச் சோற்றை இறக்கிக்கொண்டிருந்தாள். தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று அவன் பேசியது இந்தப் பக்கம் தெளிவாகக் கேட்டது.

“எல்லாம் ஓகே சார். பாத்ரூம்ல ஷவர் மட்டும் சரியா வர்ல, சுடுதண்ணி சொட்டுச் சொட்டா விழுது. ஏலகிரில எங்கம்மா இருக்கப்போறாங்க. அஞ்சு வேள தொழுகைக்குக் கை கால் கழுவணும், அந்தக் குளிருக்கு சுடுதண்ணி இல்லன்னா முடியாது. அத்த மட்டும் சரி பண்ணிக் குடுங்க, நான் டிராக்டர் கொண்டாந்து வூட்ட இழுத்துக்கினு போயிடறேன்.”

“அதெல்லாம் ஒரு மேட்டரா தம்பி? நம்ம ஆளு கீறான். ஒரு நாள் வேல.”

காந்தா சோற்றுப் பானையைக் கீழே இறக்கி வைத்தாள். சாப்பாடு போடும்போது நேராகவே கேட்டாள்.

“அந்தத் தம்பி யாரு சார்?”

“தெரிஞ்ச பையம்மா. நாலு நாள் குடும்பத்தோட வந்து தங்கணும்னான். ஷவர சரி பண்ணிடச் சொல்லு சின்னராச.”

இன்னொரு கரண்டி கொள்ளு ரசம் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டேதான் அதைச் சொன்னார். ஒரு சொட்டுக்கூடத் தொண்டையில் சிக்கவில்லை அந்த மனுஷனுக்கு.

அன்று இரவே சின்னராசுவிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவனுக்கு ராஜேந்திரன் சார் என்றால் குலதெய்வத்துக்கு ஒரு படி மேல். சொன்னால் நேராக அவருக்கே போன் போட்டு, “அப்பிடிங்களா சார்?” என்று கேட்பான். அவர் இல்லை என்பார், இவன் நம்புவான். தவிர, தண்ணீர்த் தொட்டி மேலிருந்து அவன் விழுந்ததிலிருந்து வலது முழங்கால் சரியில்லை. வீடு போகிறது என்று தெரிந்தால் ஆள் உடைந்துபோவான் என்று பயந்தாள். ஷவர் சரியாகாத வரைக்கும் வீடு நகராது. சரிதா பெற்றுப் பிழைத்து எழுந்திருக்கிற வரைக்கும் தள்ளினால் போதும். இவ்வளவுதான் அவள் போட்ட கணக்கு.

சின்னராசு செங்கத்துக்குப் போய்ப் புது ஷவர் மிக்சர் வாங்கி வந்தான். ஒரே கைப்பிடி, இடது பக்கம் திருப்பினால் சுடுதண்ணீர், வலது பக்கம் பச்சைத் தண்ணீர். வேலையில் அவனைக் குறை சொல்ல முடியாது. பைப் எல்லாம் வீட்டுக்கு வெளியே, பின்சுவரில் ஒரு சின்னத் தகரக் கதவுக்குள் இருந்தன. குளியலறைச் சுவரை உடைக்காமல் அங்கிருந்தே கை விட்டு வேலை பார்க்கலாம். முழங்காலை நீட்டி உட்கார்ந்து, நட்டுக்கு ஏழு சுற்று டேப் சுற்றி, ரப்பர் வாசரை நாக்கில் வைத்து ஈரம் பண்ணிப் பொருத்துவான். கடைசியில் அவனுக்கென்று ஒரு முத்திரை உண்டு. சரிதா கல்யாணத்துக்கு முன் வைத்துவிட்டுப் போன சிவப்பு நெயில் பாலிஷை எடுத்து நட்டுக்கும் பைப்புக்கும் சேர்த்து ஒரு நேர்க்கோடு இழுப்பான். நட்டு இம்மி நகர்ந்தாலும் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும்.

“டைட்டா கீதா இல்லியான்னு தொட்டுப் பாக்கவே வேணாம் பாரு. கண்ணால பாத்தா போதும்” என்று காந்தாவிடம் பெருமையடித்துக்கொள்வான்.

முதல் முறை காந்தா நட்டைக் கழற்றி, புது வாசரை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, பழைய கிழிந்த வாசர் ஒன்றை வைத்துக் கோடு சேரும்படி நட்டைத் திரும்ப முடுக்கினாள். பின்சுவரெல்லாம் தண்ணீர் பீச்சியது. கடைக்காரன் மட்ட சாமான் கொடுத்துவிட்டான் என்று சின்னராசு திட்டிக்கொண்டே வேறு வாசர் போட்டான். இரண்டாம் முறை சுடுதண்ணீர் பைப்பில் ஒரு சிட்டிகை சாமை உமியைப் போட்டாள். மிக்சர் அடைத்துக்கொண்டது. பக்கத்தில் அறுப்பு நடக்கிறது, காற்றில் பறந்து தொட்டிக்குள் விழுந்திருக்கும் என்று தொட்டி வாய்க்குத் துணி கட்டினான். ஒவ்வொரு முறையும் ராஜேந்திரன் சார் போனில் கத்தினார். சின்னராசு போனைக் காதில் வைத்துக்கொண்டு, “ஆமாங்க சார், தப்புதாங்க சார்” என்று கொல்லை ஓரமாக நொண்டி நொண்டி நடப்பதைப் பார்க்கும்போது காந்தா, ‘பாவி, அந்த மனுஷன் பேரைக் கெடுக்கிறியே’ என்று தன்னையே திட்டிக்கொள்வாள். பிறகு சரிதாவை நினைத்துக்கொள்வாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடியலில் பனி கொல்லை மேல் படுத்துக் கிடந்தது. காந்தா ஸ்பேனரை எடுத்துப் போய் நட்டை அரைச் சுற்று தளர்த்தினாள். விலகிய பழைய கோட்டை நகத்தால் சுரண்டிவிட்டு, நெயில் பாலிஷால் தானே புதுக் கோடு போட்டாள். மூடி வைத்துவிட்டு வந்து அடுப்பு பற்ற வைத்தாள்.

எட்டு மணிக்கு ராஜேந்திரன் சார் போன் வந்தது. முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த சின்னராசு போனைத் தரையில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டான்.

“பதினோரு மணிக்கு ஆளு வருது. ஷவர் இன்னா ஆச்சி?”

“இப்பதாங்க சார் தொறந்து பாத்தேன். மறுபடியும் பின்னாடி கசியுது.”

“ஏண்டா, ஒரு ஷவர் மாட்டத் தெர்ல, நீயெல்லாம் இன்னாடா பிளம்பர்? ஒன்ன நம்பி நான் ஒருத்தனுக்கு வாக்குக் குடுத்துட்டு நிக்கறேன். இன்னிக்கு வர்லன்னா நான் வேற ஆள வச்சிப் பாத்துக்கறேன்.”

“முடிச்சிடறேங்க சார்.”

போன் கட் ஆனது. காந்தா கேழ்வரகுக் கூழை ஆற்றி அவன் முன்னால் வைத்தாள்.

“வுடுங்க. அவருக்கு வாயி நீளம். சாப்பிடுங்க மொதல்ல.”

“சரிதா போன் பண்ணாளா?” என்று அவன் வேறு எதையோ கேட்டான்.

“ரெண்டு நாளா பண்ணலியே. தெனம் சாய்ங்காலம் பண்றவ. நான் போட்டாலும் எடுக்கல. டவர் இல்லியோ இன்னாவோ.”

“டவர்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டு அவன் கூழைக் குடித்தான். பின்பக்கம் போய்த் தகரக் கதவைத் திறந்து உட்கார்ந்தான். ரொம்ப நேரம் கையை உள்ளே விடவே இல்லை, பார்த்துக்கொண்டே இருந்தான். காந்தா பாத்திரம் கழுவுகிற சாக்கில் எட்டிப் பார்த்தாள்.

“இன்னாங்க, இன்னா ஆச்சாம்?”

“ஒண்ணுமில்ல. நீ சின்னதம்பி வூட்டுக்குப் போய் பால் வாங்கியாந்துடு. வர்ற ஆளுக்கு டீ போடணும்.”

சின்னதம்பி வீடு ஓடைக்கு அந்தப் பக்கம். போய்வர ஒரு மணி நேரம் ஆகும். அங்கே சாமை அடித்துக்கொண்டிருந்தார்கள். சின்னதம்பி பெண்ஜாதி புது சாமை ஒரு படி அளந்து போட்டு, “புள்ளதாச்சிக்குக் கஞ்சி வச்சிக் குடு” என்றாள். அதையும் மடியில் கட்டிக்கொண்டு காந்தா திரும்பி வந்தபோது பதினொன்று ஆகியிருந்தது. வீட்டு முன்னால் ஒரு கார் நின்றது. குளியலறை ஜன்னல் வழியாக ஆவி வெளியே வந்துகொண்டிருந்தது.

உள்ளே அர்பாஸ் சட்டைக்கையை மடித்துவிட்டு ஷவரடியில் கை நீட்டிக்கொண்டிருந்தான். சின்னராசு பக்கத்தில் நின்று கைப்பிடியை இடமும் வலமும் திருப்பிக் காட்டினான்.

“வாங்கக்கா” என்றான் அர்பாஸ் சந்தோஷமாக. “அண்ணன் பிச்சி ஒதறிட்டாரு. கைய வைக்க முடியல, அந்தச் சூடு.”

காந்தா பால் தூக்கோடு வாசல் நிலையில் நின்றாள்.

“புதன்கெழம காலைல டிராக்டர் வந்துடும்க்கா. அண்ணன் கூடவே வர்றதால எங்களுக்குப் பெரிய நிம்மதி. புது ஆளப் போட்டா அம்மாவுக்குப் பயம். வூட்டப் பத்தித் தெரிஞ்சவரு இருந்தா…”

“எந்த அண்ணன், தம்பி?”

“நம்ம அண்ணன்தான்க்கா” என்று அர்பாஸ் சின்னராசுவைக் காட்டினான். “நான் மொத மொத வந்து பாத்தன்னிக்கே பேசிட்டோமே. சார்தான் சொன்னாரு, வூட்டோட ஆளும் வரும்னு. ஏலகிரில ரூம் ஒண்ணு…” அவள் முகத்தைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிட்டது. சின்னராசுவைப் பார்த்தான். சின்னராசு ஷவரைப் பார்த்தான். பையன் புரிந்துகொண்டான். “நான் கார்கிட்ட கீறேண்ணா” என்று செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினான்.

ஷவரைச் சின்னராசு நிறுத்தினான்.

“சொல்லலாம்னுதான் இருந்தேன்.”

“எப்போ? டிராக்டர் வந்து கொக்கி மாட்டினப்புறமா?”

“சார்தான் வேணாம்னாரு. நீ அழுது ஆர்ப்பாட்டம் பண்ணுவ, வாங்க வர்றவங்க முன்னாடி அசிங்கமாயிடும்னாரு. இந்தக் காலு வச்சிக்கினு நான் எங்க போய் வேல தேடறது, நீயே சொல்லு. அந்தப் பையன் நல்ல மாதிரி. ரூம் தர்றேன்னான்.”

“எனக்கு?”

“அது ஒரு ஆளு படுக்கிற ரூம். நீ ஒரு ஆறு மாசம் ஒங்க அண்ணன் கோபால் வூட்டுல இரேன். படவேட்டுலதான. அப்பறம் கூப்ட்டுக்கறேன்.”

“புதங்கெழம வளகாப்பு. சரிதாவ எங்க கூட்டிக்கினு வர்றது?”

அவன் கீழே கிடந்த ஸ்பேனரை எடுத்துத் துணியால் துடைக்க ஆரம்பித்தான். அழுக்கே இல்லாத ஸ்பேனர்.

“மாப்ளகிட்ட பேசிட்டேன். வெள்ளிக்கெழமயே. பிரசவம் அங்கியே பாத்துக்கட்டும்னு.”

“அவங்க ஒத்துக்கினாங்களா? தலைப்பிரசவத்துக்கு?” என்றவளுக்கு அப்போதுதான் இரண்டு நாளாக வராத போன் ஞாபகம் வந்தது. “இன்னா சொன்ன நீ அவங்ககிட்ட?”

இருபத்தெட்டு வருஷத்தில் அவனை ‘நீ’ என்று அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. அவன் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை.

“வேற இன்னா சொல்ல முடியும்? ஒனக்கு ஒடம்பு முடியல, மூச்சு வாங்குது, புள்ளதாச்சிய என்னால பாத்துக்க முடியாதுன்னு நீ சொல்லிட்டன்னு சொன்னேன்.”

“நான் சொன்னேன்னா?”

“ஆமா.”

காந்தாவுக்கு அழுகை வரவில்லை. ராஜேந்திரன் சார் ஏமாற்றியது அவளுக்கு இருபது நாளாகப் பழகிப்போயிருந்தது. அவர் கடைக்காரர், விற்பதும் வாங்குவதும் அவர் தொழில். இவனுக்காக அல்லவா இருட்டில் பனியில் உட்கார்ந்து நட்டு கழற்றினாள். இவன் மனசு உடையக் கூடாது என்று அல்லவா வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தாள். இவன் எல்லாம் தெரிந்துகொண்டு, அவள் போட்ட கூழைக் குடித்துக்கொண்டு, ‘டவர்தான் இருக்கும்’ என்று சொல்லியிருக்கிறான். ஏழாம் மாத வயிற்றோடு அந்தப் பெண் கலசப்பாக்கத்தில் உட்கார்ந்து, அம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டாளே என்று நினைத்துக்கொண்டிருக்கும்.

அவள் அழாதது அவனுக்குத் துணிச்சல் கொடுத்தது.

“நீ மட்டும் இன்னா ஒசத்தி? மூணு வாட்டி எம் பேர நாறடிச்சிட்ட. இன்னிக்குதான் அந்தக் கோட்டப் பாத்தேன். முனைல சுழிச்சிக்கினு கீது. கோலம் போடற கை. நான் போடற கோடு சுழிக்காது.”

அது உண்மைதான். இருட்டில் அவசரமாகப் போட்டாலும் அவள் கை கோட்டை அப்படியே விடவில்லை, முடிகிற இடத்தில் ஒரு சின்ன சுழி போட்டுவிட்டுத்தான் நின்றிருந்தது.

“ஆமா. நான்தான்” என்றாள் காந்தா. “வா வெளிய.”

அவள் இறங்கி நேராகக் கார் அருகே போனாள். சின்னராசு பின்னால் நொண்டிக்கொண்டு வந்தான். அர்பாஸ் போனை நோண்டுகிற மாதிரி நின்றிருந்தான்.

“தம்பி, ஒரு விசயம் கேட்டுக்கோ. ஷவர் மூணு வாட்டி கெட்டுது இல்ல? எங்க வூட்டுக்காரரு வேலைல ஒரு கொறையும் இல்ல. நான்தான் கழட்டினேன். சார்கிட்டயும் சொல்லிடு.” முந்தானை முடிச்சை அவிழ்த்து, இத்தனை நாளாக அதற்குள் இருந்த கறுப்பு ரப்பர் வாசரை எடுத்துச் சின்னராசுவின் உள்ளங்கையில் வைத்தாள். “இது மொதல்ல நீ போட்டது. நல்ல வாசர்தான்.”

அர்பாஸ் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, “பரவால்லக்கா, வுடுங்கக்கா” என்றான்.

“ஒம் பேர நான் கெடுத்தேன், நாலு பேர் முன்னாடி நானே சரி பண்ணிட்டேன்” என்றாள் புருஷனிடம். “எம் பேர நீ கெடுத்த. இப்ப நீ சரி பண்ணு.”

தன் போனில் சரிதா நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டு அவனிடம் நீட்டினாள். அவன் கை தானாக வாங்கிக்கொண்டது. மணி அடித்தது. நாலாவது மணியில் சரிதா எடுத்தாள். மூன்று பேருக்கும் கேட்டது.

“அம்மா?”

சின்னராசு போனை வாய்க்கு நேராகத் தூக்கிப் பிடித்தான்.

“அம்மா… இன்னா பேச மாட்டேங்கிற? எம்மேல கோவமா? ஒனக்கு முடியலன்னா பரவால்லம்மா, நான் இங்கியே இருந்துக்கறேன். நீ பேசு மொதல்ல.”

காந்தா புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை போதும். ‘அப்பாதான் பொய் சொன்னேன்’ என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் அன்று அவள் அவனோடு எந்தக் கொட்டகைக்கும் போயிருப்பாள். அவ்வளவு லேசாக மன்னிக்கிறவள்தான் அவள்.

சின்னராசு சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டான்.

“அப்பறம் பேசறேன்” என்றான், அணைந்துபோன போனைப் பார்த்து.

காந்தா திரும்பிச் சக்கர வீட்டுக்குள் ஏறினாள். குளியலறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். புடவையை அவிழ்த்து ஆணியில் மாட்டினாள். வந்து தங்குகிறவர்கள் மாட்டுகிற ஆணி அது. கைப்பிடியை இடது பக்கம் முழுசாகத் திருப்பினாள். சுடுதண்ணீர் தலையில் கொட்டியது. அவன் கை வேலை நன்றாகத்தான் இருந்தது. எங்கேயும் ஒரு சொட்டுக் கசிவு இல்லை. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. தண்ணீர்ச் சத்தத்தில் வாய்விட்டே அழுதாள்.

“காந்தா” என்று வெளியே அவன் கதவைத் தட்டினான். “காந்தா, இன்னா பண்ற உள்ள? அந்தப் பையன் நிக்கிறான். தொற.”

“குளிக்கிறேன்.”

“கீசர் தண்ணி தீந்துடும்டி.”

“தீரட்டும்.”

அப்போது அவன் கையில் போன் அடிக்க ஆரம்பித்தது. சரிதா திரும்பக் கூப்பிடுகிறாள். முழுசாக அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தது. அவன் எடுக்கவில்லை, நிறுத்தவும் இல்லை. கதவுக்கு வெளியே அதை வைத்துக்கொண்டு சும்மா நின்றான்.

காந்தா ஷவரை நிறுத்தினாள். ஈர உடம்பில் புடவையைச் சுற்றிக்கொண்டு தாழ்ப்பாளைத் திறந்தாள். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, அவன் முகத்தைப் பார்க்காமல், கையிலிருந்து போனை வாங்கிக் காதில் வைத்தாள்.

“சொல்லுடி. அம்மாதான். எனக்கு ஒண்ணுமில்ல, நல்லாத்தான் கீறேன். ஒங்கப்பா சொன்னது பொய்யி. நீ துணிமணி எல்லாம் எடுத்து வை. இந்த வூடு இல்லடி, இது போய்டுச்சி. செங்கத்துல ஒரு ரூம் பாக்கறேன். வெறகு வச்சி சுடுதண்ணி காச்சி நானே ஊத்தறேன். புதங்கெழம காலைல மொத பஸ்ஸுக்கு அம்மா வந்துடுவேன்.”